எந்தப் பூச்சிக்கு எந்த மாத்திரை?

"அண்ணே, பூச்சி மாத்திரை ஒண்ணு குடுங்க."

வாரத்துக்குப் பத்துப் பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டு எங்கள் மெடிக்கலுக்கு வருவார்கள். ஒரு நாள் சாயங்காலம் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் நாற்று நடப் போகும் அக்கா. ஆறு மாதமாகக் கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் பூச்சியாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் கல்லூரிப் பையன். ஹாஸ்டலில் சேர்ந்ததிலிருந்து வயிறு உப்புசம், மூன்று வாரமாக இளக்கமாகவே போகிறது, ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை வாடை. மூன்றாமவர் வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வரும் பெரியவர். ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு எகிறியிருக்கிறது. "அது பூச்சிதான், ஒரு மாத்திரை போட்டா போயிடும்" என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கேட்டது மூவரும் ஒரே மாத்திரைதான். அக்காவுக்கு அது சரியான மருந்து, ஆனால் அது மட்டும் போதாது. பையனுக்கு ஒரு நாள் போட்டால் குணமாகாது. பெரியவருக்கு அதைக் கொடுத்து அனுப்பியிருந்தால் ஆபத்து உள்ளேயே இருக்கும், அவரோ மருந்து போட்டாச்சு என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்.

இருபது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: கோளாறு மருந்தில் இல்லை, 'பூச்சி மாத்திரை' என்ற பெயரில்தான். அந்தப் பெயருக்குள் ஏழெட்டு மருந்துகளும் அதைவிட அதிகமான உயிரினங்களும் ஒளிந்திருக்கின்றன. எந்த மருந்து நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எதற்கு என்று கேட்டால் பதில் தெளிவாகவே இருக்கிறது. கீழே வரும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறார், ஏன் எழுதியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளத்தான் தருகிறேன்.

நம் பக்கம் பூச்சி மாத்திரை என்றால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். பேண்டி, ஜென்டல் என்று அட்டையில் பெயர் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பதும் இதையேதான். 2015இல் தொடங்கிய அந்தத் தேசியத் திட்டம் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கானது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் நீங்கலாக. மற்ற பெரியவர்களுக்கு எந்த முகாமும் இல்லை. அவர்கள்தான் என் கவுண்டருக்கு வருகிறார்கள்.

அல்பெண்டசோல் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். புழுவின் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தைக் கோத்துக் கோத்துத்தான் கட்டடச் சாரம் மாதிரி நுண்ணிய குழாய்கள் எழும்புகின்றன. இந்த மருந்து அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு சாரம் கட்ட விடாது. சாரம் இல்லாத புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாது, பட்டினி கிடந்து சாகும். அதனால்தான் உடனே பலன் தெரிவதில்லை. "நேத்து போட்டேன், ஒண்ணுமே வெளிய வரலையே" என்று மறுநாள் காலையிலேயே வந்து சண்டை போடுபவர்கள் உண்டு. புழு சாகச் சில நாள் எடுக்கும், செத்ததும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே போய்விடும். அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்குப் போகவைத்த பழக்கத்தில், பூச்சி மருந்து என்றால் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். இந்த மாத்திரைக்குப் பேதி தேவையே இல்லை.

மெபெண்டசோல் இதற்குச் சொந்தத் தம்பி மாதிரி. அதே டியூபுலின், அதே பட்டினி. ரத்தத்தில் ஏறுவது இன்னும் குறைவு. பைரண்டல் வேறு வம்சம். அது புழுவின் தசையை இறுக்கிப் பிடித்து முடக்கிவிடும். குடல் சுவரைப் பிடித்திருக்க முடியாமல் புழு மலத்தோடு போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பையில் காம்பேன்ட்ரின் என்ற பெயரில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்றில் எது மேல்? 2017இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்து, ஒரே வேளை மருந்து எத்தனை பேருக்கு முழுக்கக் குணம் தந்தது என்று கணக்குப் பார்த்தார்கள். உருண்டைப்புழுவுக்கு, அதாவது மண்புழு மாதிரி நீளமாக இருக்கும் நாக்குப்பூச்சிக்கு, அல்பெண்டசோல் 95.7 சதவீதம், மெபெண்டசோல் 96.2, பைரண்டல் 92.6. வித்தியாசமே இல்லை. கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம். ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை இடும், ஒரு முழ நீளத்துக்குக்கூட வளரும் என்றெல்லாம் பயமுறுத்தினாலும், மருந்தைப் பொறுத்தவரை இதுதான் சாதுவான பூச்சி.

கொக்கிப்புழுவுக்கு வந்தால் கதை மாறுகிறது. அல்பெண்டசோல் 79.5 சதவீதம், பைரண்டல் 49.8, மெபெண்டசோல் வெறும் 32.5. மெபெண்டசோலை ஒரே வேளை 500 மில்லிகிராம் கொடுத்தால் மூன்றில் இரண்டு பேருக்குப் புழு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். நூறு மில்லிகிராம் வீதம் காலை மாலை மூன்று நாள் கொடுத்தால் தேறும். ஆனால் மூன்று நாளும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு வேளை போட்டு வயிறு லேசானதும் மீதியை அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

இந்த ஒரு எண்ணுக்காகவே எங்கள் பக்கத்தில் அல்பெண்டசோலை முன்னால் வைக்க வேண்டும். வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் டிவார்ம்3 என்ற பெரிய ஆய்வைத் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் நடத்தினார்கள். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்காமல் ஊரில் எல்லாருக்கும், பெரியவர்களையும் சேர்த்து, ஆண்டுக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்பது கேள்வி. இங்கே அதிகம் கண்டது கொக்கிப்புழுதான். அது பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் கூடுதலாக இருக்கும் புழு, வெறுங்காலில் வயலில் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போவது. பள்ளிக்கூடத்தில் எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும், வீட்டில் அப்பா அம்மா வயிற்றில் அது பத்திரமாக இருக்கும்.

அந்த நாற்று நடும் அக்காவிடம் "மோஷன் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை. ஹீமோகுளோபின்? சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். 7.4. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், ஆனால் குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கும். நெகேட்டர் வகையில் ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லி குடிக்கிறது என்று வைத்தாலும் நூறு புழு இருந்தால் மாதத்துக்கு 90 மில்லி. மாதவிடாயில் போகிற ரத்தம் போதாதென்று இது வேறு. புழுவைக் கொன்றால் ஒழுகல் நிற்கும், ஏற்கெனவே காலியான தொட்டி நிரம்பாது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை இரண்டு மூன்று மாதம் வேண்டும். அந்த அளவு ரத்தசோகைக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் அக்கா என்று அனுப்பினேன்.

கொக்கிப்புழு பற்றிப் பேசும்போது ஒரு பழைய சங்கதி. 1916 வாக்கில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இறங்கியது. தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் இங்கிருந்து போன தமிழர்கள். 1920களில் சென்னை மாகாணத்திலும் அந்த வேலை நடந்தது. அன்றைக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று தைமால். நம் ஓமத்துக்கு அந்தக் காரமான வாசனையைத் தரும் அதே பொருள்தான். பட்டினி போட்டு, பேதி உப்பு கொடுத்து, கிராம் கணக்கில் தைமால் கொடுத்து, மறுபடி பேதி. இடையில் எண்ணெயோ சாராயமோ உள்ளே போனால் மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். மென்று விழுங்கும் ஒரு மாத்திரையோடு வேலை முடிகிற காலத்தில் பிறந்ததற்கு நாம் சந்தோஷப்படலாம். ஓமத்தண்ணீர் குடித்தால் பூச்சி செத்துவிடும் என்பவர்களுக்கும் இதுவே பதில். அன்று கொடுத்த அளவுக்கும் நம் டம்ளரில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வயிற்று உப்புசத்துக்குக் குடியுங்கள், நன்றாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டோடு போடுவதா, வெறும் வயிற்றிலா? அல்பெண்டசோல் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவது குறைவு. குடலுக்குள்ளேயே இருக்கும் புழுவை அடிக்க அது ஒரு குறையே இல்லை. எனவே எப்படிப் போட்டாலும் சரி, மென்று விழுங்கினால் நல்லது. நெய், எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் ஏறுவது ஐந்து மடங்கு வரை கூடும். மூளையிலோ ஈரலிலோ இருக்கும் புழுக்கட்டிகளுக்கு வாரக்கணக்கில் இதைக் கொடுக்கும்போது அந்த ஏற்றம்தான் வேண்டும். அப்போது டாக்டர் ஈரல் பரிசோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வேளை மாத்திரைக்கு அதெல்லாம் வேண்டாம், லேசான வயிற்று வலி, தலைவலி வந்தால் அதிகம்.

சாட்டைப்புழு இந்த மூன்று மருந்துக்கும் டிமிக்கி கொடுப்பது. மேலே சொன்ன அதே ஆய்வில் ஒரு வேளை மெபெண்டசோல் 42.1 சதவீதம், அல்பெண்டசோல் 30.7, பைரண்டல் 20.2. தலைப்பக்கத்தை நூல் மாதிரி குடல் சுவருக்குள் தைத்துக்கொண்டு இருப்பதால் பிடுங்குவது கஷ்டம். மல பரிசோதனையில் இதன் முட்டை, இரண்டு முனையிலும் மூடி போட்ட சின்னப் பீப்பாய் மாதிரி தெரிந்துவிட்டால், டாக்டர் மூன்று நாள் தொடர்ச்சியாக எழுதுவார். இல்லையென்றால் அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தையும் சேர்த்து எழுதுவார். சேர்த்துக் கொடுப்பது லாவோஸிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் நன்றாக வேலை செய்தது, ஐவரி கோஸ்டில் அப்படிப் பலன் தரவில்லை. ஊருக்கு ஊர் புழுவின் குணம் மாறும் போலிருக்கிறது.

இனி நான் தப்புப் பண்ணின இடம். ஒரு ஆட்டோ டிரைவர், தெரிந்தவர். ராத்திரி ஆனால் ஆசனவாயில் அரிப்பு. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். கீரிப்பூச்சி. ஒரு அல்பெண்டசோல் கொடுத்தேன். அடுத்த மாதம் மறுபடி வந்தார். "முதல்ல கேட்டுது அண்ணே, இப்ப திரும்ப வந்துடுச்சு." கம்பெனியை மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். மூன்றாவது தடவைதான், "வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்க எனக்குப் புத்தி வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ஒரே ஹால், ஒரே பாயில் படுக்கை. சின்னவளும் ராத்திரி சொறிகிறாள்.

கீரிப்பூச்சிக்கு எந்த மாத்திரை என்ற ஒப்பீட்டில் நேரம் செலவழிப்பது வீண். அல்பெண்டசோல் 400, மெபெண்டசோல் 100, பைரண்டல் எடைக்கு ஏற்ப, எல்லாமே நன்றாகக் கேட்கும். புழு சாகும், முட்டை சாகாது. ராத்திரி தோலில் இட்ட முட்டை சில மணி நேரத்தில் பொரிக்கத் தயாராகி, நகத்துக்கும் போர்வைக்கும் பாய்க்கும் போய், திரும்ப வாய்க்கு வந்துவிடும். ஆகவே இரண்டு வாரம் கழித்து இரண்டாவது வேளை கண்டிப்பாக வேண்டும். அதுவும் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் போட வேண்டும். காலையில் எழுந்ததும் குளியல், நகம் வெட்டுதல், பாய் போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் போடுதல். சாதாரண மல பரிசோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. காலையில் கழுவும் முன் அந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுத்தால் லேபில் பார்த்துவிடுவார்கள். அந்த ஆட்டோக்காரர் வீட்டுக்கு ஐந்து மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இன்னும் ஐந்து. அத்தோடு வரவில்லை. மூன்று மாதமாக அவருக்குத் தனியாக ஒவ்வொன்றாக விற்ற கணக்கை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டியலில் நான் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஸ்ட்ராங்கிலாய்டஸ். இதற்கு நம் ஊரில் பெயரே இல்லை, பெயர் இல்லாததால் பயமும் இல்லை. கொக்கிப்புழு மாதிரியே மண்ணிலிருந்து கால்தோல் வழியாக ஏறுவது. ஆனால் பெரும்பாலான மற்றப் புழுக்கள் செய்யாத ஒன்றை இது செய்யும். மனிதருக்குள்ளேயே பெருகி, அவரையே திரும்பத் திரும்பத் தொற்றிக்கொண்டு பத்து, இருபது, முப்பது வருடம் சத்தம் போடாமல் இருக்கும். விவசாயத்தை விட்டுவிட்டுப் பட்டணத்தில் மகன் வீட்டு மாடியில் இருப்பவருக்கும் இருக்கும். ஈசினோஃபில் மட்டும் கூடியிருக்கும், சில பேருக்கு அதுகூட இருக்காது. அந்த மாதிரி ஒருவருக்கு ஸ்டீராய்டு கொடுத்து உடம்பின் காவலை இறக்கிவிட்டால், குஞ்சுப்புழுக்கள் லட்சக்கணக்கில் பெருகி நுரையீரல், மூளை என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். குடலில் இருக்கும் பாக்டீரியாக்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உயிர் பிழைப்பது கஷ்டம்.

இங்கே அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் சமம் இல்லை. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். அல்பெண்டசோல் என்றால் 400 வீதம் காலை மாலை ஏழு நாள், அப்படியும் அதன் பலன் குறைவு. ஒரு நாள் ஒரு மாத்திரை என்பது கணக்கிலேயே வராது. சாதாரண மல பரிசோதனையில் இது தப்பிவிடும். முட்டை வெளியே வராது, குஞ்சுப்புழுதான் வரும், அதுவும் எப்போதாவது. அதனால் சந்தேகம் இருந்தால் டாக்டர்கள் ரத்தப் பரிசோதனையோடும் பல நாள் மாதிரிகளோடும் பார்ப்பார்கள். பெரியவருக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. "ஐயா, இந்த ரிப்போர்ட்டையும் நீங்க சாப்பிடுற ஸ்டீராய்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே உங்க நெஞ்சு டாக்டர பாருங்க. ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திடாதீங்க" என்றேன். கோபமாகத்தான் போனார். பத்து ரூபாய் மாத்திரைக்கு இவ்வளவு பேச்சா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஐவர்மெக்டின் என்றதும் பலருக்குக் கொரோனா நினைவு வரும். அந்த இரண்டு வருடம் அட்டை அட்டையாகப் போனது. அந்த நோய்க்கு அது உதவவில்லை என்று பெரிய சோதனைகளில் தெரிந்தது. அதனால் மருந்தின் பெயரே கெட்டுவிட்டது. புழுக்களுக்கு எதிராக அது அருமையான மருந்து. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் அள்ளிய மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்துதான் அதன் மூலப்பொருள் கிடைத்தது. அதற்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நாடாப்புழுவுக்கு வேறு அலமாரி. பிராசிகுவாண்டெல் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் ஒரு வேளை, அல்லது நிக்ளோசமைடு 2 கிராம் ஒரு வேளை மென்று விழுங்குவது. நிக்ளோசமைடு எங்கள் கடையில் கிடையாது, சொல்லி வைத்தால்தான் வரவழைக்க முடியும். பிராசிகுவாண்டெல் பலனில் கொஞ்சம் மேல். ஆனால் அது ரத்தத்தில் ஏறும், மூளைக்குப் போகும். பன்றி நாடாப்புழு உள்ளவர் மூளையில் அதன் குஞ்சுப்புழுக் கட்டி தூங்கிக்கொண்டிருந்தால், மருந்து பட்டதும் அது வீங்கி வலிப்பு வந்துவிடலாம். நிக்ளோசமைடு குடலைத் தாண்டாது, அதனால் அந்தப் பயம் இல்லை. எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, விடாத தலைவலி உண்டா என்று டாக்டர் ஏன் கேட்கிறார் என்று இப்போது புரியும். "நான் பன்றிக்கறியே தொட்டதில்லை" என்பது இதற்குக் காப்பு இல்லை. சரியாக வேகாத கறியில் வருவது குடல் நாடாப்புழு. மூளைக்கட்டி வருவது, நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டை கைக்கும் கீரைக்கும் தண்ணீருக்கும் வந்து நம் வாய்க்குள் போவதால். சுத்த சைவர்களுக்கும் அதனால் வலிப்பு வருகிறது.

கடைசியில் ஹாஸ்டல் பையன். அவன் வயிற்றில் இருந்தது புழுவே இல்லை என்பது என் சந்தேகம். முட்டை வாடை ஏப்பம், உப்புசம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், பால் குடித்தால் இன்னும் மோசம்: ஜியார்டியா இப்படித்தான் வரும். ஒற்றைச் செல் உயிரி, கண்ணுக்குத் தெரியாது. டெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொன்னேன், அதுவேதான். இதற்கு மெட்ரோநிடசோல் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து முதல் ஏழு நாள். அல்லது டினிடசோல் 2 கிராம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே வேளை. அல்லது நிட்டசாக்சனைடு 500 வீதம் காலை மாலை மூன்று நாள். எனக்குப் பிடித்தது டினிடசோல்தான். மெட்ரோநிடசோலின் குறை அதன் பலனில் இல்லை. நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி ருசி, குமட்டல், நாலாவது நாள் ஆட்கள் நிறுத்திவிடுவார்கள். அரைகுறையாகப் போட்ட ஏழு நாளைவிட முழுசாகப் போட்ட ஒரு வேளை மேல். சுவாரசியம் என்னவென்றால் அல்பெண்டசோலும் ஜியார்டியாவுக்குக் கேட்கும், ஆனால் தினம் 400 வீதம் ஐந்து நாள். ஒரு நாள் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். "அண்ணா, வீக் எண்ட்ல ஒரு பர்த்டே இருக்கு..." என்று இழுத்தான் பையன். மாத்திரை முடிந்து மூன்று நாள் வரை பீர், பிராந்தி எதுவும் வேண்டாம் என்றேன். மூஞ்சி சிவந்து, நெஞ்சு படபடத்து வாந்தி எடுத்தால் பிறந்தநாள் ஆஸ்பத்திரியில் நடக்கும்.

அமீபாவுக்கும் இதே மருந்துகள்தான் எழுதுவார்கள், ஆனால் ஒரு படி கூடுதல். மெட்ரோநிடசோலும் டினிடசோலும் குடல் சுவரிலும் ஈரலிலும் இருக்கும் அமீபாவை நன்றாக அடிக்கும். குடல் பொந்துக்குள் தங்கியிருப்பதைப் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அப்படியே விட்டுவிடும். அதனால் பின்னாலேயே டைலாக்சனைடு ஃபியூரோயேட் 500 வீதம் மூன்று வேளை பத்து நாள் கொடுக்க வேண்டும், இல்லை பரோமோமைசின். இந்த இரண்டாவது சீட்டைத்தான் மக்கள் வாங்காமல் விடுகிறார்கள், சீதபேதி நின்றுவிட்டதே என்று. அதே வீட்டில் அப்புறம் ஈரலில் சீழ் கட்டி வந்து நிற்கிறார்கள். கள் குடிப்பவர்களிடம் இந்த ஈரல் கட்டி அதிகம் என்று யாழ்ப்பாணத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, லேப்களின் மேல். யார் மலத்தைக் கொடுத்தாலும் "அமீபா சிஸ்ட் இருக்கு" என்று ரிப்போர்ட் வருகிற லேப்கள் உண்டு. ஆளைக் கொல்லும் அமீபாவும், ஒரு தொந்தரவும் செய்யாத அதன் ஜோடியான டிஸ்பாரும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி இருக்கும். சீதபேதியும் ரத்தமும் காய்ச்சலும் இல்லாதவர், ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு வருடத்துக்கு நாலு தடவை ஃப்ளாஜில், அதாவது மெட்ரோநிடசோல், சாப்பிடுவதில் அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது வேறு டாக்டர், வேறு கேள்வி.

டெஸ்ட் என்றால் முகம் சுளிக்கிறார்கள், நியாயம்தான். இருந்தாலும் செய்வதாக இருந்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். காலையில் எடுத்ததை அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூத்திரமும் தண்ணீரும் கலக்கக் கூடாது. ஒரு நாள் பார்த்து இல்லை என்றால் இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும். ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்து மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தால் லேப்பில் ஒன்றும் தெரியாது. டெஸ்ட் இல்லாமலே போடலாமா என்றால், மண்ணில் வேலை செய்கிற, கர்ப்பம் இல்லாத, ஈரல் கோளாறு இல்லாத பெரியவர் ஆறு மாதத்துக்கு ஒரு அல்பெண்டசோல் போடுவதை நான் தடுக்க மாட்டேன். ஸ்டீராய்டு, வலிப்பு, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு என்று இவற்றில் எதையாவது சொன்னால், மாத்திரையை எடுக்க மாட்டேன். முதல் மூன்று மாதக் கர்ப்பத்தில் அல்பெண்டசோல் கூடாது. நாள் தள்ளிப்போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே நிறுத்திவைக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டிய பிறகு அரசு மருத்துவமனையிலேயே கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மெட்ரோநிடசோல் பக்கம் டாக்டர் இல்லாமல் போகவே கூடாது, ரத்தம் கட்டுப்பாடு இல்லாமல் இளகிவிடும்.

நாற்று நடும் அக்கா இரண்டு மாதம் கழித்து வந்தார். ஹீமோகுளோபின் 9.6. மல பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருந்ததாம், டாக்டர் அல்பெண்டசோலும் இரும்பு மாத்திரையும் எழுதியிருந்தார். மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து இரண்டு கேட்டார்.

"அதே பூச்சி மாத்திரைதானே அண்ணே? அன்னிக்கே குடுத்திருந்தா ஒரு நடை மிச்சமாயிருக்குமே."

"அதேதான் அக்கா" என்றேன். சொல்ல எதுவும் இல்லை. இரண்டு மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தேன். அவர் காலைப் பார்த்தேன். புதுச் செருப்பு, ஓரமெல்லாம் சேறு.